வலது கால் முடிச்சு

எங்கள் அக்காவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, கேஸை மூடினேனா என்று என் முழங்கையைப் பிடிப்பாள். பூட்டு ஒருநாள் கையோடு வரப்போகிறது என்று எதிர்வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அக்காவும் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

இவளுக்குப் போய் வாய்த்த வேலையைப் பாருங்கள். செருப்புக் கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தவள், கம்பெனியை மூடியதும் ஏரிக்கரைப் படகுக் கொட்டகையில் சேர்ந்தாள். பந்தயப் படகில் துடுப்புப் போடுகிறவர்களின் ஷூ படகிலேயே திருகி வைக்கப்பட்டிருக்கும். முன்பக்கம்தான் திருகு, குதிகால் தூக்கும். அந்தக் குதிகாலை ஒரு குட்டைக் கயிற்றால் கீழே கட்டியிருப்பார்கள். படகு கவிழ்ந்தால் கயிறு ஷூவைப் பிடித்துக்கொள்ளும், கால் மட்டும் உருவிக்கொண்டு வந்துவிடும். முடிச்சு நழுவியிருந்தால் காலோடு ஷூவும் சேர்ந்து வளையும், கால் வெளியே வராது. ஆள் தலைகீழாகத் தண்ணீருக்குள் தொங்க வேண்டியதுதான். அந்தக் கயிறுகளைக் கட்டுவது அக்காவின் வேலை.

அவள் சேர்ந்த புதிதில் ஒரு பையன் அப்படித்தான் போனான். வேறு யாரோ கட்டிய முடிச்சு. கரைக்கு இழுத்து வந்தபோது கவிழ்ந்த படகோடு அவனும் வந்தான், ஷூவை வெட்டித்தான் கால்களை வெளியே எடுத்தார்கள். வெட்டியவள் அக்கா. செருப்புத் தோல் வெட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதானே என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கயிற்றைக் கட்டிவிட்டு எழுந்துபோகிற பழக்கமே அவளிடம் இல்லை. படகுக்குள் உட்கார்ந்து, தன் காலையே ஷூவுக்குள் விட்டு, பட்டையை இறுக்கி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு காலை உருவுவாள். கால் மட்டும் வந்தால் சரி. முதலில் இடது, பிறகு வலது. கொட்டகையில் எல்லோரும் அவளை முடிச்சக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

என் மகள் இதற்கு நேர் எதிர். பள்ளிக்கூடம் விட்டதும் பெரியம்மாவைத் தேடிக் கொட்டகைக்குப் போய்ப் போய்த் துடுப்புப் பிடித்துவிட்டாள். காற்று, அலை எதுவும் அவள் கணக்கிலேயே இல்லை. படகில் தொப்பென்று உட்காருவாள், காலைச் செருகுவாள், போய்விடுவாள். ஒருநாள்கூடக் குனிந்து ஷூவைப் பார்த்தவள் இல்லை. அவளுக்கும் சேர்த்துப் பயப்படுவதற்குத்தான் பெரியம்மா இருந்தாளே.

பல நாடுகள் கூடும் அந்தப் பெரிய விளையாட்டுப் போட்டி எங்கள் ஏரிக்கே வந்தது. ஒற்றையர் படகில் என் மகள் அரையிறுதி வரை வந்துவிட்டாள். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் இறுதிப் போட்டி. எத்தனை வருஷ ஆசை அது. விடியற்காலையில் எழுப்பிவிட்டவள் நான், எனக்குத் தெரியாதா?

அன்று காலையிலிருந்தே காற்று ஒரு மாதிரியாக இருந்தது. மதியத்துக்கு மேல் புயல் வரலாம் என்று பந்தயங்களை எல்லாம் முன்னதாகவே வைத்துவிட்டார்கள். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்ததும் கொட்டகையில் ஒரே களேபரம். நான் வெளியே கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள் படகைத் தலைமேல் சுமந்துகொண்டு போவதும், இறங்கு மேடையில் வைத்து ஏறுவதும் தெரிந்தது. அங்கே நின்ற நடுவர் குனிந்து பார்த்துவிட்டுக் கையசைத்தார். கயிறு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள், முடிச்சை யாரும் இழுத்துப் பார்ப்பதில்லை. அவள் இரண்டு இழுப்பில் தூரம் போய்விட்டாள்.

பிறகுதான் அக்கா வேலியருகே வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. ரெண்டு கயிற்றையும் காலையில் புதிதாக மாற்றினாளாம். இடது காலை உருவிப் பார்த்தது நன்றாக ஞாபகம் இருக்கிறதாம். அதற்குள் அறிவிப்பு வந்திருக்கிறது, யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள், எழுந்து போயிருக்கிறாள். வலது காலைப் பார்த்தாளா இல்லையா என்று தெரியவில்லை.

பூட்டு, கேஸ், இப்போது இதுவா என்று எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பாத்திருப்ப, நீயாவது பாக்காம விடறதாவது என்று அதட்டினேன். அக்கா வேலிக்கம்பிக்குள் விரல்களை விட்டு என் விரல்களைப் பிடித்தாள். அப்போதுதான் எனக்குள் ஏதோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது. ஏரி முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளை நுரை. அந்தக் காற்றில் என் பிள்ளை.

"நடுவர்கிட்ட சொன்னா அவளைக் கூப்பிட்டு நிறுத்திருவாங்க. லேட்டாச்சுன்னா எச்சரிக்கை கொடுப்பாங்க, பந்தயமே போனாலும் போயிரும். நீ பெத்தவ. நீ சொல்லுடி. சொல்லட்டுமா, வேணாமா?"

நான் ஏரியையே பார்த்தேன். சொல்லு என்றால் அவள் கனவு போகும். வேண்டாம் என்றால் என்ன போகும் என்பதை நினைக்கவே முடியவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு விரலை விடுவித்துக்கொண்டு இறங்கு மேடையை நோக்கி ஓடினாள். அந்த வயதில் அவள் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நடுவர் கையிலிருந்த வாக்கி டாக்கியில் ஏதோ பேசினார். சொல்லியாகிவிட்டது, நீங்கள் போங்கள் என்று அக்காவை அனுப்பிவிட்டார். அந்தப் பக்கம் என்ன நடந்தது, யாராவது பார்த்தார்களா, முடிச்சு எப்படி இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. புறப்படும் இடம் கண்ணுக்கு எட்டாத தூரம். கொஞ்ச நேரத்தில் பந்தயம் தொடங்கிவிட்டது என்று ஒலிபெருக்கி சொன்னது. என் மகளும் அதில் இருந்தாள்.

அக்கா வேலிக்கு வெளியே என் பக்கத்தில் வந்து, ஏரிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். பார்க்க மாட்டேன் என்றுவிட்டாள். சுற்றிலும் ஜனங்கள் கத்திக்கொண்டிருந்தார்கள், அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தலை தெரியுதா?"

தெரியுது என்றேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டாள். தெரியுது என்றேன். பாதி தூரத்தில் பெரிய காற்று ஒன்று அடித்தது. பக்கத்துப் படகு ஒன்று சாய்ந்து நிமிர்ந்தது. தண்ணீர்த் திவலைகளுக்குள் என் மகளின் படகு எது என்றே எனக்குத் தெரியவில்லை. அக்கா கேட்டாள். நான் கண்ணைச் சுருக்கித் தேடிக்கொண்டிருந்தேன். அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அப்புறம் மகளின் மஞ்சள் தொப்பி தெரிந்தது, தெரியுதுக்கா என்று அழுதுவிட்டேன்.

நாலாவதாக வந்தாள். மூன்றாவதற்கும் அவளுக்கும் அரைப் படகு நீளம்கூட இல்லை.

படகு மேடைக்கு வந்ததும் அக்கா உள்ளே ஓடிப்போய் மண்டியிட்டு வலது ஷூவுக்குள் கையை விட்டு இழுத்தாள். முடிச்சு கல் மாதிரி இருந்தது. பார்த்துத்தான் இருக்கிறாள், பார்த்ததைத்தான் மறந்திருக்கிறாள். மகள் அவளைக் குனிந்து பார்த்தாள். புறப்படும் இடத்தில் தயாராகிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, ஷூவிலிருந்து காலை எடுக்கச் சொல்லிப் பார்த்து, தாமதம் என்று எச்சரிக்கையும் கொடுத்தார்களாம். இன்னொரு தப்பு என்றால் வெளியேற்றம் என்பதால் பயந்து பயந்து கிளம்பியிருக்கிறாள்.

"நல்லாத்தான் கட்டியிருந்தீங்க பெரியம்மா. இனிமே என் படகைத் தொடாதீங்க."

அக்கா சரி என்று மட்டும் சொன்னாள். அன்று சாயங்காலம் மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அக்காவோ வாசற்படியில் உட்கார்ந்து நிம்மதியாக டீ குடித்தாள். திட்டட்டும்டி, திட்டுறதுக்கு ஆள் இருக்காள்ல என்றாள். அவள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

தோற்றவர்களுக்கு மறுநாள் ஒரு பந்தயம் உண்டு, அடுத்தடுத்த இடங்களை முடிவு செய்ய. காற்று அடங்கி ஏரி கண்ணாடியாகக் கிடந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நானும் அக்காவும் நின்றோம். மகள் படகில் உட்கார்ந்தாள், காலைச் செருகினாள். ஆனால் கிளம்பவில்லை.

குனிந்து வலது ஷூவை இழுத்துப் பார்த்தாள். நிமிர்ந்தாள். துடுப்பை எடுத்தவள் கீழே வைத்துவிட்டு மறுபடியும் குனிந்தாள். கயிற்றைப் பிடித்தாள், விட்டாள், மறுபடி பிடித்தாள். பின்னால் அடுத்த படகு காத்திருந்தது. நடுவர் போகச் சொன்னார். அவள் தலையைத் திருப்பி வேலிப் பக்கம் தேடினாள். என்னைத் தாண்டி அக்காவிடம் வந்து நின்றது அவள் பார்வை.

"பெரியம்மா, நீங்க ஒரு தடவை பாருங்களேன்."

அக்கா உள்ளே போய் மண்டியிட்டாள். இரண்டையும் இழுத்துப் பார்த்தாள். நல்லா இருக்கு, தைரியமா போ என்றாள். மகள் மெதுவாகத் துடுப்பைப் போட்டுக்கொண்டு, கண்ணைக் காலிலிருந்து எடுக்காமல் போனாள்.

படகு தூரம் போகும்வரை அக்கா மேடையிலிருந்து எழுந்திருக்கவில்லை. நான் வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய் அவள் தோளைத் தொட்டேன். அவ்வளவு பெரிய அழுகையை அவளிடம் நான் பார்த்ததில்லை.

"பதக்கம் போனது போகட்டும்டி. என் பயத்த அவளுக்குக் குடுத்துட்டேனே."