ராசா கடியாரமும் சாத்தூர்க் காராச்சேவும்

சிவகாசிப் பக்கம் வெடிக் கம்பெனி வச்சிருந்த எங்க மொதலாளிக்குப் பழைய சாமான் வாங்குற கிறுக்கு உண்டு. ஜமீனெல்லாம் போன பெறகு அரமனைக்காரங்க கட்டிலு, கண்ணாடி, வெளக்குன்னு ஒண்ணொண்ணா வித்துக்கிட்டிருந்த காலம் அது. ஒரு தடவை யானை மேல வைக்கிற அம்பாரியைக் கொண்டாந்து எறக்கிட்டாக. யானைக்கு எங்கன போக? மாட்டுத் தொழுவுல கெடந்துச்சு. கோழி அதுல ஏறி அடை காத்துச்சு. ராசா உக்காந்த எடத்துல பொரிச்ச குஞ்சுக, நடையே ஒரு தினுசா இருக்கும். அது கெடக்கட்டும், நான் கடியாரத்தைப் பத்தில்ல சொல்ல வந்தேன்.

அந்தக் கடியாரம் யாரோ ஒரு ராசா சொல்லி, சீமையில செஞ்சு, கப்பல்ல வந்ததாம். ஆள் இடுப்பு ஒசரம். உடம்பு பூரா தங்க முலாம். அடியில நாலு வெள்ளி யானை தூக்கிக்கிட்டு நிக்கும். உச்சிப்பொழுது பன்னெண்டு அடிச்சா உள்ளருந்து பாட்டு வரும். நாலு வெள்ளைக்காரிப் பொம்மைக கையைக் கோத்துக்கிட்டுச் சுத்தும். எல்லாத்துக்கும் மேல ஒரு தங்கக் குருவி ரெக்கையை விரிச்சு, வாயைத் தொறந்து கூவும். ராத்திரி பன்னெண்டுக்கும் அது ஆடத்தான் செய்யும், அந்நேரம் எவன் முழிச்சிருக்கான்? குருவி கூவுனாத்தான் ராசா சோத்துல கை வைப்பாராம். "குருவி கூவாட்டி ராசா பட்டினியா மொதலாளி?"ன்னு கேட்டேன். மொறைச்சாக.

என் வாய் முகூர்த்தமோ என்னமோ, நம்ம வீட்டுக்கு வந்த பெறகு குருவி கூவவே இல்லை. உள்ள இருந்து கூவலுக்குக் காத்து ஊதுற சின்னத் தோல் துருத்தியை எலி கடிச்சிருச்சு. பாட்டு வருது, பொம்மை ஆடுது, குருவி மட்டும் தொண்டை கட்டுன வாத்தியார் கணக்கா சும்மா வாயைத் தொறந்து தொறந்து மூடுது. ரிப்பேர்க்காரர் பாத்துட்டு, "இதுக்குச் சீமைக்குத்தான் போகணும் அண்ணாச்சி"ன்னுட்டாரு.

மொதலாளி சும்மா இருந்திருக்கலாம். ஆனா அதுக்குள்ள விருதுநகர் பஜார் பூரா, "எங்க வீட்டுக் குருவி கூவுறதைக் கேக்கணுமே!"ன்னு பீத்தி முடிச்சிட்டாக. அதைக் கேட்டு ஒரு மொளகா வத்தல் யாவாரி வீட்டம்மா சொல்லி விட்டாக: "பொண்ணையும் பாத்துக்கிடுறோம், குருவியையும் கேட்டுக்கிடுறோம்."

அவுக மகன் தீபாவளி யாவாரத்துக்கு வெடி லோடு எடுக்க வந்தப்பவே எங்க மொதலாளி மக பாத்து வச்சிருந்துச்சு. கட்டுனா அவரைத்தான்னு ஆத்தாகிட்டச் சொல்லியும் போட்டுச்சு. குருவி கூவலைன்னா மொதலாளி சொன்னதெல்லாம் புளுகுன்னு ஆயிரும், சம்பந்தம் அத்துக்கிட்டுப் போயிரும். அந்தப் பிள்ளை நேரா என்கிட்ட வந்துச்சு. நான் அப்ப வெடித் திரி காயப்போடுற களத்துல காவலு. நாக்கை மடிச்சா குயிலு, உதட்டைக் குவிச்சா தவிட்டுக்குருவி, அப்படி விசிலடிப்பேன்.

"அண்ணே, என் கல்யாணம் ஒங்க வாயிலதான் இருக்கு."

கடியாரத்தைக் கூடத்துல, சாமான் அறை சன்னலை ஒட்டி வச்சாச்சு. சன்னலுக்குத் திரை, திரைக்குப் பின்னால நானு. ஒரு கிழிசல் வழியாக் குருவியோட வாலு மட்டுந்தான் தெரியும். வாலு ஆடுனா கூவணும், நின்னா நிறுத்தணும். இன்னைக்கும் அந்தக் குருவி மொகம் எனக்கு அம்புட்டா நெனப்பில்லை, வாலைப் பத்திக் கேளுங்க, சொல்றேன்.

பொண்ணு பாக்க வந்தாக. காப்பி, பலகாரம் எல்லாம் போகுது. நம்மளையும் ஒரு மனுசனா நெனச்சு மொதலாளி வீட்டம்மா ஒரு தட்டு சாத்தூர்க் காராச்சேவை உள்ள தள்ளிவிட்டாக. ஒரு வாய் அள்ளிப் போடுறேன், டங்குன்னு மணி அடிக்குது! வாலு ஆடுது! வாயில காராச்சேவு! முழுங்கியும் முழுங்காமயும் விசிலடிச்சேன். நல்லாத்தான் வந்துச்சு. முடிக்கிற நேரத்துல தொண்டையில காரம் ஏறி, லொக்கு லொக்குன்னு இருமிட்டேன்.



"சீமைக் குருவி மதினி," மொதலாளி அவசரமா முந்திக்கிட்டாக, "நம்ம ஊரு வெடி மருந்துத் தூசி ஒத்துக்கிட மாட்டேங்குது."

"பாவம், கொஞ்சம் தண்ணி காட்டுங்க அண்ணாச்சி"ன்னாக மாப்பிள்ளையோட அம்மா. அப்புறம் மெதுவா, "நகை நட்டெல்லாம் ஒங்க இஷ்டம். அந்தக் கடியாரத்தை மட்டும் சீரோட அனுப்பிருங்க."

அவுக போன பெறகு மொதலாளி தலையில கையை வச்சு உக்காந்துட்டாக. பிள்ளை அழுதுச்சு. கடைசியில மொதலாளி என்னைய ஏற எறங்கப் பாத்து, "ஏலே, நீயும் சீருல ஒரு சாமான்னு நெனச்சுக்கோ. கெளம்பு"ன்னாக. குத்துவிளக்கு, அண்டா, கட்டிலு, கடியாரம், நானு, எல்லாம் ஒரே லாரியில விருதுநகர் போய்ச் சேந்தோம். கடியாரத்துக்குச் சாவி கொடுக்கிற ஆளுன்னு பேரு. பொண்ணு சாமர்த்தியமா அடுப்படிச் சன்னலை ஒட்டிக் கடியாரத்தை வைக்கச் சொல்லிருச்சு. ஒரு நாளைக்கு ஒருக்கா விசிலு, மூணு வேளை சோறு. ராசா கூட அப்படி இருந்திருக்க மாட்டாரு.

ஆனா எங்க ஊரு விஸ்வநத்தத்துல எனக்கும் பொஞ்சாதின்னு ஒருத்தி இருந்தாள்ல. ஊருக்குப் போனப்ப வாசல்லயே மறிச்சிட்டா: "கடியாரத்தைக் கட்டிக்கிட்டீகளா, என்னையக் கட்டிக்கிட்டீகளா?"

இதைப் பொண்ணுகிட்டச் சொன்னேன். "எனக்குக் கத்துக் குடுங்கண்ணே"ன்னுச்சு. வீட்டுப் பொம்பளை விசிலடிச்சா என்ன பேச்சு வரும்னு ஒங்களுக்கே தெரியும். மாமியார் கோயிலுக்குப் போற நேரமாப் பாத்துக் கொல்லையில பழகுனோம். மொதல்ல காத்துத்தான் வந்துச்சு. அப்புறம் தவிட்டுக்குருவி வந்துச்சு. நான் மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊரு வந்து சேந்தேன்.

பெறகு அந்தப் பொண்ணு தன் பிள்ளைக்குக் காதுகுத்துன்னு கூப்பிட்டு விட்டுச்சு. போனேன். ஆளுகளெல்லாம் சாப்பிடப் போயிட்டாக. கூடத்துல நானும், மடியில பிள்ளையோட அதுவும் பேசிக்கிட்டிருக்கோம். மணி அடிக்குது. கூவ வேண்டியவ என் பக்கத்துலல்ல உக்காந்திருக்கா! நான் அவசரமா உதட்டைக் குவிக்கிறேன், குருவி கூவிருச்சு. என்ன கூவலுங்கிறீக! என்னுது மாதிரி இல்லை, அந்தப் பொண்ணுது மாதிரியும் இல்லை. வளைச்சு, இழுத்து, ரெண்டு சுத்து கூடப் போட்டு, வாலு நின்ன பெறகும் ஒரு கொசுறு!

பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்குது.

அடுப்படியில இருந்து மாமியார்க்காரம்மா முந்தானையில உதட்டைத் தொடச்சுக்கிட்டு வெளிய வந்தாக. கையில ஒரு தட்டு. என் முன்னால வச்சாக. காராச்சேவு.

"அன்னைக்கு அரைகுறையால்ல முழுங்குனீக," அப்படின்னாக. "இன்னைக்கு மெதுவாத் தின்னுங்க. குருவியை நான் பாத்துக்கிடுறேன்."