போத்தலின் வயிற்றில் அப்பா

எனக்குப் பத்து வயதில் எங்கள் அப்பா ஒரு பொய் சொன்னார். அதை மறைத்து எழுத எனக்கு வராது. தேயிலை வெட்டும் இயந்திரத்தோடு சரிவில் விழுந்து அவர் இடது கை உடைந்தது நிஜம். டாக்டர் ஆறு வாரம் எம்.சி. லீவு கொடுத்ததும் நிஜம். ஆனால் நான்காவது வாரமே, எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே கோபிஸ், அதாவது முட்டைக்கோஸ், ஏற்ற லோரி வரும்போதெல்லாம், கைக்கட்டை அவிழ்த்து வேலியில் மாட்டிவிட்டுக் கூடை தூக்கப் போனார். அரைச் சம்பளத்தில் யார் சாப்பிடுவது? தோட்டத்து ஆபிசுக்குத் தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

அப்போதுதான் பள்ளியில் ஓவியப் போட்டி வந்தது. கண்ணாடிப் பொருள் ஒன்றைப் பென்சிலில் வரைய வேண்டும்.

“கண்ணாடிய வரையாத. அதுல என்ன தெரியுதோ அத வரை. பாத்தத விடாத, பாக்காதத போடாத,” என்றார் டீச்சர்.

எங்கள் வீட்டில் விரிசல் இல்லாத கண்ணாடி, ஊறுகாய்ப் போத்தல் ஒன்றுதான். அம்மா அதைக் கழுவிக் கொடுத்தார். மேசையில் வைத்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். போத்தலின் வயிற்றில் ஜன்னல் கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்தது. அதற்குள் வேலி, லோரி, கூடை தூக்கும் அப்பா. பென்சிலைச் சீவிச் சீவி மூன்று சாயங்காலம் வரைந்தேன். வெளிச்சம் பட்ட இடத்தில் தாளை வெள்ளையாகவே விட்டேன். வேலியில் தொங்கிய கைக்கட்டை விடவில்லை.

டீச்சருக்கு ஒரே சந்தோஷம். படத்தைப் பெற்றோர் வாட்ஸ்அப்பில் போட்டார். ‘உள்ளே பாருங்கள், அப்பா லோரியில் கோபிஸ் ஏற்றுகிறார்!’ அந்தக் குழுவில் தோட்டத்து ஆபிசில் கணக்கு எழுதும் கிராணியும் இருந்தார்.

அம்மா போனைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“பாவி மவளே, லோரிய போட்டே, சரி. அந்தக் கைக்கட்ட எதுக்குடி போட்டே?”

“தெரிஞ்சிச்சும்மா.”

அப்பா திட்டவில்லை. கைக்கட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டார். இரண்டு நாள், மோட்டார் சத்தம் கேட்டாலே அம்மா கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார்.

மூன்றாம் நாள் கிராணி வந்தார். படத்தைப் போனில் பெரிதாக்கி என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“பாப்பா, இது யாருலா?”

அப்பா கைக்கட்டோடு சுவரோரம் நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

“யாருமில்ல அங்கிள். போத்தல்ல ஒண்ணும் தெரியல. நானா போட்டேன்.”

“டீச்சர் ஒங்கப்பான்னு எழுதியிருக்காங்களே?”

“அவங்ககிட்ட நான் பொய் சொன்னேன்.”

கிராணி அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

“ஒன் மவ கெட்டிக்காரிலா. கை நல்லாயிருச்சு போல. நாளைக்கே வேலைக்கு வந்துரு.”

எம்.சி. முடிய இன்னும் நாள் இருந்தது. அப்பா தலையாட்டினார்.

கிராணி சொல்லக் கேட்டு, பார்க்காததைப் போட்டேன் என்று டீச்சர் அன்றைக்கே என் படத்தைப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டார். வேலை தப்பியது, வீடு தப்பியது, நஷ்டம் எனக்கு மட்டும்தான் என்று அப்பாமேல் கோபமாகவே திரிந்தேன். மறுநாள் விடியற்காலை இயந்திரம் தூக்கப் போனவரிடம் நான் பேசவில்லை.

படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் கூடையின் பாரம் முழுவதும் அப்பாவின் வலது தோளில். இடது தோள் சரிந்து கிடக்கிறது, இடது கை கூடையைச் சும்மா தொட்டுக்கொண்டிருக்கிறது. போத்தலின் வளைவுதான் அவரைக் கோணலாகக் காட்டுகிறது என்று அன்றைக்கு நினைத்தேன். அவருக்குப் பக்கத்திலேயே நான் வரைந்த வேலிக்கம்பு நேராக நிற்கிறது.