மயிலாப்பூர் தேரும் தம்பியின் காலும்

இதுவரை கோயில், மலை, அருவி என்றுதான் இந்த வலைப்பூவில் எழுதியிருக்கிறேன். மயிலாப்பூர் பங்குனித் தேரையும் அப்படி எழுதத்தான் கிளம்பினேன். தி.நகரில் துணிக்கடை வைத்திருந்த என் தம்பி முருகேசன், "இந்த வருஷமாவது வாக்கா, சேந்து பாப்போம்" என்று மாசியிலேயே கூப்பிட்டுவிட்டான். தேருக்கு முந்தைய நாள் திருநெல்வேலியில் ரயில் ஏறி, மறுநாள் விடியற்காலையில் எழும்பூரில் இறங்கினேன். அங்கிருந்து தி.நகருக்கு ஆட்டோ இருநூறு ரூபாய்.

கதவைத் திறந்தவன் நொண்டினான். முருகேசனுக்கு வயது நாற்பத்தொன்று, எடை நூற்று முப்பது கிலோ. முந்தின நாள் கடையில் இரும்பு ஷட்டர் கணுக்காலுக்கு மேலே உரசிவிட்டதாம். "சின்னச் சிராய்ப்புதாங்க்கா" என்றான். அவன் மனைவி செல்வி, இரவெல்லாம் காய்ச்சல் என்று அடுப்படியிலிருந்து சொன்னாள்.

"டாக்டர்ட்ட காட்டுனியால?" என்று அவனைக் கேட்டேன்.

"போனா காலை யாரு பாக்கா? மொதல்ல எடை மிஷின்ல ஏறச் சொல்லுவாவ. பொறவு அரை மணி நேரம் புத்திமதி. சளின்னு போனாலும் அதான், பல்வலின்னு போனாலும் அதான். மாத்திரை போட்டிருக்கேன், தேரைப் பாத்துட்டு வருவோம்."

தேர் நாளில் மாட வீதிகளுக்குள் வண்டி போகாது. செல்வியும் சேர்ந்து மூவரும் லஸ் முனையில் இறங்கி நடந்தோம். சாதாரண ஆளுக்குப் பத்து நிமிட நடை. அவன் கடைக்குக் கடை நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். கிழக்கு மாட வீதியில் தேர் எங்களைக் கடந்தபோது கூட்டம் முழுவதும் கை கூப்பியது. அவன் மூடியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்து தலையைத் தொங்கப் போட்டிருந்தான். யாரோ கொடுத்த நீர்மோர் அவன் கை நடுக்கத்தில் வேட்டியில் சிந்தியது. அந்த வெயிலில் அவனுக்குக் குளிர். தொட்டால் உடம்பு கொதிக்கிறது.

வேட்டியை விலக்கிப் பார்த்த செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். சிவப்பு முழங்காலைத் தாண்டியிருந்தது. சிராய்ப்பைச் சுற்றித் தோல் கருநீலமாகிக் கொப்புளம் கட்டியிருந்தது.

இருவரும் அவனைத் தாங்கி மந்தைவெளிப் பக்கம் நடத்திக்கொண்டு வந்தோம். முதலில் வந்த ஆட்டோக்காரர் அவன் உருவத்தைப் பார்த்துவிட்டு நிற்காமல் போனார். அடுத்தவர் நிறுத்தினார். "இன்னா மேடம், சாருக்குக் காய்ச்சலா கீதுபோல? சாருக்குப் பின்சீட்ட ஃபுல்லா குட்த்துடு. நீ முன்னால என்கூட குந்து. அவங்க அந்த ஓரத்துல ஒட்டிக்கட்டும்." பாலத்தைத் தாண்டி அடையாறில் ஒரு மருத்துவமனை. நாலு கிலோமீட்டர்தான். காசு வாங்காமல் போய்விட்டார்.

இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை அவன் கைக்குப் போதவில்லை. பெரிய பட்டை தேடி எடுத்து வந்தார்கள். ஊசி போட நரம்பு அகப்படவில்லை. வந்த மருத்துவர் இளம்பெண். காலைப் பார்த்ததுமே அறுவைச் சிகிச்சை மருத்துவருக்குச் சொல்லி அனுப்பினார். கிருமி தோலுக்கு அடியில் வேகமாகப் பரவுகிறது, செத்த சதையை உடனே எடுக்க வேண்டும் என்றார்.

"சின்னச் சிராய்ப்புதான டாக்டர்?" என்றேன்.

"கொழுப்பு அதிகமா சேர்ந்தா அது சும்மா இருக்காதும்மா. உடம்புக்குள்ள எப்பவும் லேசா ஒரு அழற்சியை, காயமே இல்லாம வர்ற வீக்கம் மாதிரி, கிளப்பிக்கிட்டே இருக்கும். கிருமியை எதிர்க்கவேண்டிய வெள்ளை அணுக்கள் அதுலயே தடுமாறிப்போய், நெஜமாவே கிருமி வரும்போது சரியா வேலை செய்யறதில்ல. கால்ல கிருமியை அடிச்சிட்டுப் போற நிணநீர் ஓட்டமும் மந்தமாயிடும். பருமனா இருக்கற எல்லாருக்கும் இப்படி ஆகாது. ஆனா காயம்னு வந்தா பருமனா இருக்கறவங்களைத்தான் சீக்கிரமா பாக்கணும்."

படுக்கையிலிருந்து முருகேசன் குரல் கொடுத்தான். "எடை நூத்தி முப்பது டாக்டர். நீங்க கேக்குறதுக்கு முந்தியே சொல்லிட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. அவன் கையைப் பிடித்து, "மருந்து அளவுக்கு மட்டும்தான் எடை வேணும் முருகேசன். வேற எதுக்கும் இல்ல" என்றார்.

அவன் என் பக்கம் திரும்பினான். "நல்ல டாக்டரா இருக்காவ, இல்லக்கா?" அதற்குப் பிறகு அவன் என்னிடம் பேசவில்லை. தொடை வரை சதையை எடுத்தார்கள். கண் விழிக்கவே இல்லை. சிறுநீரகம் நின்றது, பிறகு இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. மூன்றாம் நாள் காலையில் போய்விட்டான்.

பெசன்ட் நகர் மயானத்தில் வண்டியிலிருந்து இறக்கும்போது, தூக்கியவர்களில் ஒருவர் கனத்தைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார். செல்வி அழுகையை நிறுத்திவிட்டு முன்னால் வந்தாள். "யாரும் ஒண்ணும் சொல்லாதீய. மெதுவாத் தூக்குங்க."

தேர் பார்க்கப் போகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. லஸ்ஸில் இறங்குங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள், வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். இன்னொன்று உண்டு, அது எந்த ஊருக்கும் பொருந்தும். உங்கள் வீட்டில் உடம்பு கனத்த ஒருவருக்குக் காலில் ஒரு சின்னக் காயம் பட்டு, சிவப்பு பரவி, காய்ச்சலும் நடுக்கமும் வந்தால், மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அவர் வரமாட்டேன் என்றால், எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். கூடவே போங்கள். மருத்துவர் பேச்சை வேறு பக்கம் திருப்பினால், முதலில் காலைப் பாருங்கள் என்று சொல்லுங்கள். சாப்பாட்டையும் நடையையும் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம், அவர் இருந்தால்.