இரண்டு பேரும் திருப்பிய சிப்

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘ஒளிக்காரி’. சிலிக்கான் சிப்புக்குள் ஒளி ஓட வேண்டிய பாதைகளை வரைவது அவள் வேலை. வளைவைக் கொஞ்சம் இறுக்கினால் ஒளி கசிந்துவிடும். பக்கத்துப் பாதையை ஒட்டி வரைந்தால் அங்கே தாவிவிடும். அந்த அடங்காப்பிடாரியைப் பல வருடங்களாகக் கட்டி மேய்க்கிறாள். ஒளியை மின்சாரத்தால் ஆட்டுவிக்கும் இன்னொரு சிப்பை வரைகிறவன், தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அவளுடைய சொந்தத் தம்பி.

இருவருக்கும் மாதக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லை. “அக்காவாலதான் எல்லாமே லேட்” என்று கூட்டத்தில் அத்தனை பேர் முன்னாலும் அவன் சொல்லித் தொலைத்துவிட்டான். அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டில் உப்பு வேண்டுமென்றால்கூட அம்மா வழியாகத்தான்.

அன்று மாலைக்குள் அவள் வரைபடம் சிப் தயாரிக்கும் ஆலைக்குப் போயாக வேண்டும். தவறினால் அடுத்த வாய்ப்புக்கு அரை வருடம். அதுவரை கம்பெனி தாங்காது, இழுத்து மூட வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லிவிட்டார். அனுப்பும் முன் ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று, ஏற்கெனவே தயாராகி வந்திருந்த தம்பியின் சிப்பை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். பகீரென்றது. அதிலிருந்த இணைப்புப் புள்ளிகளும் அவள் வரைபடத்தில் இருந்தவையும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தன.

ஒன்றுபோல் இருக்கவே கூடாது! அவன் சிப்பைக் குப்புறக் கவிழ்த்து அவளுடையதன்மேல் ஒட்டுவார்கள். இரண்டு உள்ளங்கைகளைச் சேர்ப்பது மாதிரி. ஒன்று இடது, ஒன்று வலது என்றால்தான் விரலோடு விரல் சேரும். அதற்காகப் பொதுத் திட்டத்திலுள்ள இணைப்புப் புள்ளிகளை யாராவது ஒருவர் இடவலமாகத் திருப்பி வரைவது வழக்கம். யார் என்பதை வாயால் பேசித்தான் முடிவு செய்வார்கள்.

ரோஷமாவது ஒன்றாவது, ஓடினாள்.

“டேய், புள்ளியெல்லாம் திருப்பிட்டியா?”

“ஆமா. உனக்கு ஏற்கெனவே வேலை ஜாஸ்தி, நானே திருப்பிடலாம்னு...”

“நானும் திருப்பிட்டேண்டா! ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?”

“நீ மட்டும் கேட்டியா?” என்றவனின் முகம் வெளிறிவிட்டது.

புள்ளிகளை மட்டும் மாற்றினால் கம்பிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் மறுபடி வரைய நேரமில்லை.

தம்பி திரையை வெறித்தபடி கேட்டான். “மொத்தத்தையும் திருப்பினா என்னக்கா? ஒளிக்கு இடம் வலம் தெரியுமா?”

தெரியாதுதான். வெளியிலிருந்து ஒளியைக் கொண்டுவரும் இழைகள் சிப்பின் மேல் விளிம்பில்தான் நுழைகின்றன, இடவலமாகத் திருப்பினாலும் அது மேலேயேதான் இருக்கும். வரிசை மட்டும் தலைகீழாகும், மாற்றிச் செருகிக்கொள்ளலாம். ஒரேயடியாகத் திருப்பினாள். பிழை இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் சோதிக்க ஆரம்பித்தது. பாழாய்ப்போனது நத்தை மாதிரி ஊர்ந்தது. முதலாளி வந்து பின்னால் நின்றார். தம்பி நகத்தைக் கடித்துத் துப்பினான். கடைசியில் பிழை ஒன்றுமில்லை என்று வந்ததும் அனுப்பினாள். ஆலை ஏற்றுக்கொண்டது.

“யாரோட தப்பு இது?” என்றார் முதலாளி.

“என்னோடது சார்” என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

“இதையாவது பேசி வெச்சுக்கக் கூடாதா?” என்று தலையில் அடித்துக்கொண்டு போனார்.

சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள், அழுகை வந்துவிட்டது. “எல்லார் முன்னாடியும் அப்படிச் சொன்னியே, எனக்கு எவ்வளவு வலிச்சுது தெரியுமா?”

“தெரியும்க்கா” என்றான் அவன். “அன்னிக்கு ராத்திரிதான் உனக்காகத் திருப்பி வெச்சேன்.”