உதடு அசையக் கூடாது

என் முதல் தேர்வை ரத்து செய்த கண்காணிப்பாளர் சொன்ன காரணம், நான் உதட்டை அசைத்தேன் என்பது.

வீட்டிலிருந்தே கணினியில் எழுதும் தேர்வு அது. எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவர் கேமரா வழியாக நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது, மேசையில் தாள் இருக்கக் கூடாது, பேசக் கூடாது. விதிகளை முழுவதும் வாசித்து, மேசை விரிப்பைக்கூட உருவி எடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்திலேயே திரையின் ஓரத்தில் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது: வாய்விட்டு வாசிக்காதீர்கள். நான் வாசிக்கவில்லையே என்று தட்டச்சு செய்தேன். மறுபடி ஒன்று வந்தது. மூன்றாவது வந்தபோது தேர்வு மூடிக்கொண்டது. கேள்விகளில் பாதியைக்கூட நான் பார்த்திருக்கவில்லை.

திங்கள்கிழமை அலுவலகத்துக்குப் போனதும் மேலாளர் ஆவலோடு எழுந்து வந்தார். என்னைவிட வயதில் இளையவர்.

"அக்கா, பாஸ்தானே?"

"கேன்சல் ஆயிட்டு."

"கரண்ட் போயிட்டா?"

"வாய் அசைஞ்சிட்டாம்."

சிரித்துவிட்டார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "கெடுவுக்குள்ள இன்னும் ஒரு தடவதான் எழுத முடியும்க்கா. அதுவும் போச்சுன்னா சென்னையில என்னால ஒண்ணும் பேச முடியாது. சர்வர் பாஸ்வேர்டெல்லாம் அவங்க டீம்கிட்ட குடுத்திருங்கன்னு சொல்லிருவாங்க."

எங்களுடையது தூத்துக்குடித் துறைமுகத்தை நம்பி நடக்கும் ஒரு சரக்கு முகவர் அலுவலகம். கப்பலில் வந்த சரக்குப் பெட்டியை வெளியே எடுக்க இறக்குமதிக்காரர்கள் எங்களிடம் டெலிவரி ஆர்டர் கேட்க வேண்டும். முன்பு வரிசையில் நின்று கேட்டார்கள். இப்போது இணையதளத்தில் கேட்கிறார்கள். அந்த இணையதளத்தின் பின்னால், சர்வரில் ஓடும் நிரல் முழுவதும் நான் எழுதியது. தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவள், புத்தகம் வாங்கிப் படித்து, வரி வரியாக எழுதினேன். சென்ற ஆண்டு சென்னைத் தலைமை அலுவலகம் கெடு வைத்து ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சர்வரைத் தொடுபவர் யாராக இருந்தாலும் அதற்குரிய சான்றிதழ்த் தேர்வில் தேறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிரல் சென்னைக் குழுவிடம் போகும். நான் மறுபடி பில் அடிக்கும் மேசைக்குப் போக வேண்டும். வேலை போகாது, சம்பளமும் குறையாது. ஆனால் நான் கட்டிய ஒன்றை இன்னொருவர் திறந்து மூடுவதைப் பக்கத்து மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

உதடு அசைந்ததா என்று கணவரிடம் கேட்டேன். அவர் துறைமுகத்தில் கிரேனுக்குச் சைகை காட்டுகிறவர். மேலே கண்ணாடி அறைக்குள் இருப்பவருக்குக் கீழே கத்துவது கேட்காது, எல்லாம் கைதான்.

"உனக்குத் தெரியாதா? நீ பேப்பர் படிச்சாலே உதடு ஆடும்லா. கல்யாணமான புதுசுல நீ ஜெபம் பண்ணுதன்னு நெனச்சு நான் சத்தம் போடாம நடப்பேன்."

"இத்தன வருசமா ஏன் சொல்லல?"

"ஏளா, பேப்பர் படிக்கதுக்குப் பரீட்ச வைப்பாவன்னு நான் என்னத்தக் கண்டேன்?"

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கத் தேவையே இல்லை. நான் படித்தது நாசரேத்தில், மிஷன் பள்ளியில். வசனமோ வாய்ப்பாடோ, எல்லாம் சத்தமாகத்தான். என் அப்பாவும் அங்கே ஆசிரியர். வாய் அசையாத பிள்ளை தூங்குகிறது என்பதே அவர் கணக்கு. பெரியவளானதும் சத்தம் போய்விட்டது. அசைவு மட்டும் தங்கிவிட்டது. நிரலையும் நான் அப்படித்தான் எழுதுகிறேன் என்று இப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு சொல்லையும் உதட்டால் தொட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறேன். என் நிரலில் பிழை குறைவு என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அதற்குக் காரணம் இந்த உதடுதானோ என்னவோ.

அன்று மாலையே பயிற்சி தொடங்கியது. மாதிரிக் கேள்விகளைத் திரையில் வைத்து நான் உட்கார, அவர் எதிரே டம்ளரும் கரண்டியுமாக உட்கார்ந்தார். உதடு அசைந்தால் டங்கென்று ஒரு தட்டு. முதல் நாள் எங்கள் வீட்டில் யாரோ பூசை மணி அடிப்பதுபோல் இருந்தது.

"என்னளா, ஒரு வரிக்கு நாலு தட்டு தட்டுதேன். டம்ளர் நசுங்கிரும் போலுக்க."

பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தால் தட்டு நின்றது, மதிப்பெண்ணும் விழுந்தது. கண் மட்டும் வாசிக்கும்போது சொற்கள் வழுக்கிக்கொண்டு போயின. ஒரு கேள்வி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தளத்துக்குள் நுழைந்தவர் ஒன்றும் செய்யாமல் இருந்தால் எவ்வளவு நேரத்தில் அவரை வெளியேற்றுவது என்பது பற்றியது. அதை அமைப்புக் கோப்பில் எழுதினால் எண் நிமிடத்தைக் குறிக்கும். நிரலுக்குள் எழுதினால் அதே எண் வினாடியைக் குறிக்கும். எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஆனாலும் முப்பது என்ற எண்ணைப் பார்த்ததும் கண் தானாக அரை மணி நேரம் என்று முடிவு செய்துவிட்டது. தவறு. தெரிந்ததைத் தவறவிட்டபோது வந்த எரிச்சலில் அவரைக் காரணமில்லாமல் திட்டினேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். கோபமாகப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு கிராம்போடு திரும்பி வந்தார்.

"முன்பல்லுல கடிச்சிக்கோ. உதடு ஆடுனா கீழ வுழுந்துரும்."

கிராம்பு வேலை செய்தது. நாக்கு மரத்துப்போனதே தவிர, உதடு அடங்கியது. உறைப்பு அவசரப்பட விடாததால் ஒவ்வொரு சொல்லிலும் நின்று நின்று போக முடிந்தது. ஒரு வாரத்தில் மதிப்பெண் பழைய இடத்துக்கு ஏறியது. எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று, தேர்வன்று செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். கிராம்பை அதில் எழுதவில்லை. அது மறக்காது என்று தோன்றியது.

இரண்டாவது தேர்வு ஒரு சனிக்கிழமை காலை. கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு வாசலில் காவல் இருந்தார். தெருவிலிருந்து பேச்சுக் குரல் அறைக்குள் வந்தாலும் தேர்வு போய்விடும். பக்கத்து வீடுகளில் மிக்சி போட வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லி வைத்திருந்தார். கதவைச் சாத்திவிட்டு, கிராம்பை முன்பல்லில் கடித்துக்கொண்டேன். ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. மின்விசிறி இருந்தும் அந்த அறையில் ஜன்னலைத் திறக்காமல் உட்கார முடியாது.

கண்காணிப்பாளர் இந்த முறை ஒரு பெண் குரல். கணினியைச் சுழற்றி அறையைக் காட்டச் சொன்னார். சுவரில் தொங்கிய வசன நாட்காட்டியைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். பிறகு, "மேடம், எதையாவது மென்றுகொண்டிருக்கிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தால் கிராம்பு விழும். விரலால் எடுத்துக் கேமராவுக்குக் காட்டினேன்.

"அது என்ன?"

"கிராம்பு. பல் வலிக்கு." அது பொய். வேறு எதைச் சொன்னாலும் விளங்க வைக்க முடியாது என்று தோன்றியது.

வாயில் எதுவும் இருக்கக் கூடாது, அறையிலும் வேண்டாம் என்றார். ஜன்னல் கம்பி வழியாக எறிந்தேன். வெளியே நின்ற கணவரின் காலடியில் அது விழுந்தது. குனிந்து எடுத்துப் பார்த்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைச் சந்திக்கக்கூட எனக்கு அனுமதி இல்லை. கண் திரையை விட்டு விலகக் கூடாது.

தேர்வு தொடங்கியது. முதல் சில கேள்விகளை எப்படித் தாண்டினேன் என்று தெரியவில்லை. உதடு இரண்டையும் உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டேன். அது எவ்வளவு நேரம் நிற்கும்? நீளமான நிரல் ஒன்று வந்தது. அடுத்த கணம் ஓரத்தில் எச்சரிக்கை: உதட்டை அசைக்காதீர்கள்.

முதல் தேர்வில் மூன்றாவது எச்சரிக்கையில் மூடினார்கள். இவர் இரண்டாவதிலேயே மூடினாலும் கேட்க ஆளில்லை. வாசிக்காமல் ஊகித்துப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். மவுஸ் மேல் இருந்த கை நடுங்கியதில் திரையில் அம்புக்குறி ஆடியது. ஆடி ஒரு சொல்லின் கீழே போய் நின்றது. நின்ற சொல்லை வாசித்தேன். அம்பை அடுத்த சொல்லின் கீழே நகர்த்தினேன். அதை வாசித்தேன். உதடு தன் பங்கைக் கேட்கவில்லை. அம்பு நகராமல் கண்ணை நகர விடக் கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். நேரம் இழுத்தது. ஆனால் சொற்கள் வழுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தெரு முனையில் மீன்காரரின் வண்டி வந்தது. வண்டியில் கட்டிய ஒலிபெருக்கி, பதிவு செய்த குரலில், சூடை, நகரை, ஊளி என்று மீன்களின் பெயரைக் கூவிக்கொண்டே நெருங்கியது. இந்தக் குரல் அறைக்குள் வந்துவிட்டால் வேறு ஆள் பேசுகிறார் என்பார்கள். அம்பை நகர்த்தாமல் காத்திருந்தேன். எங்கள் வீட்டுக்குச் சற்று முன்னால் 'நகரை' என்ற சொல்லின் நடுவில் குரல் அறுந்தது. பிறகு சத்தமே இல்லை.

நிமிடமா வினாடியா என்ற கேள்வி கடைசிக்கு முன்னால் வந்தது. முதலில் கண் அரை மணி நேரம் என்றது. அம்பைத் திரும்பக் கொண்டுவந்து ஒவ்வொரு சொல்லாக நகர்த்தினேன். எண் நிரலுக்குள் இருந்தது. வினாடி. விடையை மாற்றினேன்.

சமர்ப்பித்த சிறிது நேரத்தில் முடிவு திரையில் வந்துவிட்டது. ஆனால் கேமராவின் பச்சை விளக்கு அணையவில்லை. கண்காணிப்பாளர் முடித்து வைக்கும் வரை அசையக் கூடாது என்று விதியில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கணவர் வந்து நின்றது கண்ணின் ஓரத்தில் தெரிந்தது. கையை உயர்த்தி, துறைமுகத்தில் கேட்பதுபோல், என்ன ஆயிற்று என்று சைகை காட்டினார். நான் கல்லாக இருந்தேன். மறுபடி காட்டினார். என் முகத்தில் ஒன்றும் இல்லாததைப் பார்த்து அவர் கை மெல்ல இறங்கியது.

"சரி, விடு," என்று தணிந்த குரலில் சொன்னார். "சென்னக்காரன் எடுத்துட்டுப் போட்டும். நம்ம சோத்தயா எடுக்கான்?"

பேசாதீர்கள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அவர் ஜன்னலை விட்டுப் போய்விட்டார்.

விளக்கு அணைந்தது. திரையில் இருந்த முடிவை, முதல் எழுத்திலிருந்து, என் பெயரும் தேர்வின் பெயரும் உட்பட, வாய்விட்டு வாசித்தேன். தேர்ச்சி என்ற சொல் வரும்போது குரல் பிசிறியது. பள்ளியில் வசனம் சொல்வதுபோல் மறுபடி முதலிலிருந்து இன்னும் சத்தமாக வாசித்தேன்.

கதவு திறந்தது. கணவர் இரண்டு கையிலும் பனைநார்க் கூடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு நின்றார். கூடை விளிம்புவரை மீன். பின்னால் மீன்காரத் தம்பி கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ஸ்பீக்கர நிறுத்துன்னா நிறுத்திருப்பேன்லா. எதுக்கு மொத்தத்தயும் வாங்குதிய?"

கணவர் கூடையோடு உள்ளே வந்தார். என்னைப் பார்த்து, "பாஸாளா?" என்றார்.

தலையாட்டினேன்.

"அப்ப சொல்லுததுக்கென்ன? நான் அங்கன நின்னு கைய கைய ஆட்டுதேன், மரம் மாதிரி இருக்க!" கூடையைச் சமையலறை வாசலில் இறக்கினார். "சரி, வா. இவ்ளோ மீனயும் நான் ஒத்தையில கழுவ முடியாது."