கை திறந்தால்தான் கவாத்து

ஜெயசித்ரா மல்லிச் செடிக்குள் புறங்கையை நுழைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். பத்து எண்ணும் நேரம். பிறகு அதே புறங்கையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த செடிக்குப் போகிறாள். முப்பது வருடம் காய்ச்சல் வார்டில் வேலை பார்த்தவள் நான். இத்தனை பொறுமையாக நோயாளியைத் தொட்டுப் பார்த்த நர்சுகள் எனக்குத் தெரிந்து இரண்டு பேர்தான்.

மேலநீலிதநல்லூருக்குத் தெற்கே அவளுக்கு அரை ஏக்கர் மல்லி. நாற்பத்து நான்கு வயது. சேலைக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டை. அதன் பையில் கல் உப்புப் பொட்டலம். காலையில் ஒரு கல்லை எடுத்துக் காகிதத்தில் வைத்து வரப்பில் போடுவாள். மதியம் அது கசிந்திருந்தால் காற்றில் ஈரம் அதிகம் என்று கணக்கு. கசிந்த உப்பை வீணாக்க மாட்டாள், ரசத்தில் போட்டுவிடுவாள்.

மல்லி லேசில் சாகாது. மழை பொய்த்தாலும் ஆடு கடித்தாலும் தளிர்த்துக்கொள்ளும். பூப்பதற்குத்தான் அதற்கு ஆயிரம் நிபந்தனை. பகலில் முப்பது டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். இரவில் இருபதுக்குக் கீழே இறங்கினால் மொட்டு சுணங்கும். வெக்கையும் ஈரமும் சேர்ந்து நின்றால் இலையில் புள்ளி விழும். "வெயிலத் தின்னு வளந்தது சிஸ்டர் இது. புழுக்கம்தான் ஆகாது" என்பாள்.

கார்த்திகையில் கவாத்து. இடுப்பளவு நிற்கும் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால், புதுக்கிளை வந்து பங்குனி முகூர்த்தத்துக்குப் பூக்கும். காற்றில் ஈரம் நிற்கும்போது வெட்டினால் வெட்டுவாய் அழுகும். அதிகம் தள்ளிப்போட்டாலோ பனியில் தளிர் எழும்பாது, முகூர்த்தம் கைவிட்டுப் போகும். நாள் தப்பினால் அந்த வருடமே தப்பும்.

நாள் குறிப்பவர் அவள் கணவர் சுடலைமணி. செடிக்கடியில் ஒரு மண்கட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்து இறுக்குவார். மூடிய கையைத் திறக்காவிட்டால் பொறு என்று அர்த்தம். விரலை விரித்து மண்ணை உதிர்த்தால் வெட்டலாம். பக்கத்துத் தோட்டக்காரர்களும் அந்தக் கையைப் பார்த்துத்தான் கத்தரியைத் தீட்டினார்கள். போன ஆடியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு நின்றுவிட்டது. வாரத்தில் மூன்று நாள் நான் சங்கரன்கோவிலிலிருந்து பஸ்ஸில் வந்து அவரைத் துடைத்து, புரட்டிப் படுக்க வைத்து, கைகால்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன்.

ஜெயசித்ராவின் அண்ணன் மூக்காண்டிக்கு அடுத்த தோட்டம். கிணறு, மோட்டார், வெட்டுகிற ஆட்கள் எல்லாம் இரு வீட்டுக்கும் பொது. கார்த்திகை பத்தாம் தேதி அவர் போனை நீட்டிக்கொண்டு வந்தார்.

"ஏட்டி சித்ரா, இன்னா பாரு, ஒரு வாரத்துக்கு மழையே இல்லைங்கான். நாளைக்கு ரெண்டு தோட்டத்தையும் வெட்டிருவோம்."

"ஒம் போனு செடிக்கடியில குனிஞ்சு பாத்துச்சாண்ணே?"

"ஆமா, நீ பெரிய ஆபீசரு. மாப்ள எந்திரிச்சு நடந்தா நான் ஏன் ஒங்கிட்ட வந்து கேக்கேன்?"

அவள் போய் ஒரு மண்கட்டியை எடுத்துவந்து, படுத்திருந்தவரின் வலது உள்ளங்கையில் வைத்தாள். விரல்கள் மூடிக்கொண்டன. திறக்கவில்லை. மூக்காண்டி அந்தக் கையைப் பார்த்துவிட்டு, தன் தோட்டத்தை மட்டும் வெட்டப் போனார். அவள் தினமும் ஒரு கட்டி வைத்தாள். தினமும் கை மூடியது.

எனக்கு இது பொறுக்கவில்லை. மூளை பாதித்த சிலருக்கு உள்ளங்கையில் எதை வைத்தாலும் கை தானாக மூடிக்கொள்ளும். அதில் யோசனை கிடையாது. இவள் அதை நம்பி ஒரு வருடப் பூவை இழந்துவிடக் கூடாதே என்று ஒருநாள் வெளிப்படையாகவே சொல்லிவிட்டேன்.

அவள் சிரித்தாள். "அது எனக்குத் தெரியாதா சிஸ்டர்? நேத்து கரண்டியையும் அப்படித்தான் பிடிச்சாக. கரண்டிக்குள்ளயுமா ஈரம் இருக்கும்?"

"அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?"

"புறங்கையில பாத்தேன், உப்புல பாத்தேன்னு நான் சொன்னா எங்கண்ணன் கேப்பானா? ஆளக் கூட்டிட்டு வந்து வெட்டிட்டுப் போயிருவான். அவுக கைன்னா வாயப் பொத்திக்கிடுவான்."

நோயாளியின் பெயரைச் சொல்லி அவர் சொல்லாததைச் சொல்வது எங்கள் தொழிலில் தப்பு. ஆனால் நான் அதை மூக்காண்டியிடம் சொல்லவில்லை. காரணம், மூக்காண்டி வெட்டி நான்கு நாள் கழித்துப் பிடித்த மழை ஒரு வாரம் விடவில்லை. அவர் தோட்டத்தில் பாதிக்கு மேல் வெட்டுவாய்கள் எரிந்த திரி போலக் கறுத்துவிட்டன.

மழை விட்டு ஐந்தாம் நாள் வாடைக்காற்று வறண்டு வீசியது. வரப்பில் வைத்த உப்புக்கல் மாலைவரை கசியவில்லை. மறுநாள் நான் போனபோது அவள் கத்தரிகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். பின்னாலேயே மூக்காண்டி வந்தார். போனை எடுக்கவில்லை.

"ஆளுகளத் திருவேங்கடத்துப் பக்கம் வேலைக்கு அனுப்பப் போறேன். நீ தை பொறந்தப்புறம் வெட்டு."

"தையில வெட்டுனா பங்குனிக்கு எப்படிண்ணே பூக்கும்? இன்னைக்குத்தான் நாளு."

"எஞ்செடி அழுகுனது பத்தாதா? பட்டவன் சொல்லுதேன், கேளு. வேணும்னா மாப்ளட்ட கேட்டுப் பாப்போம்."

அவரே போய் மண்கட்டி எடுத்துவந்து சுடலைமணியின் கையில் வைத்தார். கை மூடிக்கொண்டது.

"பாத்தியா? மாப்ளயே வேண்டாங்காரு."

"கொஞ்சம் பொறுண்ணே. அவுக இன்னும் முடிக்கல" என்று ஜெயசித்ரா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். போர்வையைச் சரிசெய்வது போல் அவர் கையை மடியில் எடுத்து வைத்து, மணிக்கட்டை மெல்ல உள்பக்கமாக மடக்கினாள். மணிக்கட்டு மடங்கினால் பிடி தளரும், விட்டால் திரும்ப இறுகும். நகம் வெட்டும்போது நான் அப்படிச் செய்வதை அவள் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு விரலாக விரிந்தது. மண் பொலபொலவென்று படுக்கையில் உதிர்ந்தது.

மூக்காண்டி குனிந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

"மாப்ள சொல்லிட்டாருல்லா, அப்புறம் என்ன" என்று ஆட்களைக் கூப்பிட வெளியே நடந்தார்.

அவர் செருப்புச் சத்தம் தெருவில் தேயும்வரை ஜெயசித்ரா அந்த மணிக்கட்டை விடவில்லை.