மஞ்சள் வைத்த மலை

பட்டில் படம் வரைகிறவளுக்கு இரண்டு பகை உண்டு: ஒன்று மழைக்காற்று, மற்றது பாராட்டு.

மழைக்காற்றில் சாயம் காயாது. பாராட்டு இருக்கிறதே, அது சேலையைக் கட்டவே விடாது. கையால் எதையாவது செய்து கொடுத்து, "இவ்வளவு நல்லா இருக்கே, இதைப் போய் எப்படிப் பயன்படுத்துறது?" என்று மற்றவர்கள் சொல்லக் கேட்டு நொந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள், நானும் உங்கள் வரிசைதான்.

எண்பதுகளில், தருமபுரியில், கயிறு அவிழ்த்த கட்டில் சட்டத்தில் வெள்ளைப் பட்டை இழுத்துக் கட்டி, சுற்றி இருந்ததையெல்லாம் வரைந்துகொண்டிருந்தேன். வத்தல்மலை, மொரப்பூர் ரயில், ஏரியூர் போகும் வழியில் இருந்த புளியமரங்கள். நான் கல்லூரியில் கவிதை படித்தவள். எழுத வரவில்லை, வண்ணம் வந்தது. கூடவே வேலை செய்தவள் ராபியா. அவள் அண்ணன் காதர் பாயின் ஜவுளிக்கடையில்தான் என் சேலைகள் விற்றன. விற்றனவே தவிர, யாரும் கட்டவில்லை. நான் வரைந்த சேலையை ஒரு பெண் கட்டிக்கொண்டு நடந்துபோவதை ஒரே ஒரு முறை பார்த்துவிட வேண்டும். அந்த நாளில் எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

ஓடாத ரயில்

முதல் சேலையை ஒரு லேடி டாக்டர் வாங்கினார். கரை நெடுகிலும் பெட்டி பெட்டியாக மொரப்பூர் ரயில். தீபாவளிக்குக் கட்டிக்கொள்வதாகச் சொன்னார். தீபாவளி கழிந்து காய்ச்சலோடு அவர் வீட்டுக்குப் போனேன். ஹாலில் மரச்சட்டத்தில் ஆணியடித்து, மேலே டியூப்லைட் போட்டு, என் சேலை. ஒரு சுவர் போதாமல் ரயில் மூலையில் திரும்பி அடுத்த சுவருக்கும் போயிருந்தது.

என் முகம் வாடியதைக் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டு, நாடி பிடித்தபடியே சொன்னார்: "கட்டிப் பார்த்தேம்மா. கொசுவத்துக்குள்ள பாதிப் பெட்டி காணாமப் போயிருது. செவுத்துல மாட்டினாத்தான் வண்டி முழுசாத் தெரியுது."

இட்லிப் பானை

வரைந்த சாயம் நிலைக்க ஆவி காட்ட வேண்டும். சேலையைப் பழைய வேட்டியில் சுருட்டி இட்லிப் பானையில் வைத்து மூடிவிடுவோம். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்த என் நாத்தனார், பசியோடு நேராக அடுப்படிக்குப் போய் மூடியைத் திறந்தார். உள்ளே தலைமையாசிரியர் மனைவி கேட்டிருந்த புளியமரச் சேலை வெந்துகொண்டிருந்தது. "என்னடி இது, துணிய வேக வெக்கிறீங்க?" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

அந்தத் தலைமையாசிரியர் மனைவி முன்பு வாங்கிய சேலை அந்துருண்டையோடு பீரோவில் படுத்திருப்பது எனக்கும் ராபியாவுக்கும் தெரியும். ராபியா மூடியைத் திரும்பப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "இட்லின்னா வெந்ததும் யாராச்சும் தின்னுருவாங்கக்கா. நம்ம மரம் வெந்து வெந்து பீரோவுக்குத்தான் போவுது."

ஓசி மலை

வத்தல்மலை அடிவாரத்துப் பச்சியம்மாள் காதர் பாய் கடைக்குப் பாவாடைத் துணி எடுக்க வந்தாள். சொந்தக் காடு, சொந்தக் கிணறு, ஊருக்கே கேட்கிற குரல். தொங்கிக்கொண்டிருந்த மலைச் சேலையைப் பாய் எடுத்து விரித்தார். பாறைகளுக்காக ஈரச் சாயத்தில் கல்லுப்பைத் தூவி நான் பொரிப்பொரியாக வரவைத்திருந்த மலை. நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பச்சியம்மாள் இந்தப் பக்கம் பார்த்தாள், புரட்டி அந்தப் பக்கம் பார்த்தாள். "அட, எங்கூட்டுச் சன்னல்ல தெரியிற மலைதாங்க இது! ஓசியில பாக்குற மலைக்குக் காசு குடுக்கச் சொல்றீங்களே பாயி!"

மஞ்சள்

சில மாதம் கழித்து அவளே என் வீட்டு வாசலில் நின்றாள், மகள் செல்வியோடு. "படக்காரம்மா, அந்த ஓசி மலை இருக்குதுங்களா?" செல்விக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் கரண்ட் ஆபீசில் வேலை. "அங்க எங்க பாத்தாலும் வயலுதானாமுங்க, ஒரு கரடு கூடக் கெடையாதாம். இவ நாலு நாளா மொகத்தத் தூக்கி வெச்சிட்டிருக்கா. புருசன் வூட்டுக்குப் போறப்ப கட்டிக்கட்டும்." விலை போகாமல் கடையிலிருந்து திரும்பி வந்திருந்த சேலையை எடுத்து விரித்தேன். செல்வி முந்தானையில் எதையோ தேடி, மலையடியில் ஓரிடத்தில் விரலை வைத்தாள். அவர்கள் வீடு இருக்கிற இடமாக இருக்க வேண்டும்.

பச்சியம்மாள் கொஞ்சம் மஞ்சள்தூள் கேட்டாள். கொடுத்தேன், எதற்கென்று யோசிக்காமல். தண்ணீர் விட்டுக் குழைத்து, முந்தானை முனையில், என் மலைச்சரிவின் மேலேயே அழுத்தித் தடவினாள். நான் "ஐயையோ" என்றுவிட்டேன். "கோடிச் சேலையில மஞ்ச வெக்காம எப்படிங்க கட்டுறது?" என்றாள். பட்டில் மஞ்சள் பரவிக்கொண்டே போயிற்று.

அவர்கள் போன பிறகும் நான் மஞ்சள்தூள் டப்பாவை மூடாமல் உட்கார்ந்திருந்தேன். ராபியா தூரிகைகளைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "எதுக்கு இப்படி உக்காந்திருக்கீங்க? மஞ்ச வெச்சாச்சில்ல, இனி இத யாரும் செவுத்துல மாட்ட மாட்டாங்கக்கா."

மொரப்பூர் ஸ்டேஷன்

வழியனுப்ப எங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். செல்வி பிளாட்பாரத்தில் நடந்து வந்தாள். மலை அவள் தோளில் ஏறி முதுகில் இறங்கி, நடக்க நடக்க அசைந்தது. மஞ்சள் படர்ந்த இடம் சரிவில் பூத்த ஆவாரங்காடு போல இருந்தது. அதை நான் வரையவில்லை, வரைந்திருக்கவும் மாட்டேன். ராபியா என் கையைக் கிள்ளினாள். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

செல்வி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்ததும் முந்தானை வெளியே பறந்தது. அதுவரை கண் கலங்காமல் எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்த பச்சியம்மாள், தன் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியோடு ஓடினாள். குரல் உடைந்து, ஸ்டேஷன் முழுக்கக் கேட்டது: "முந்தானைய உள்ள இழுத்துக்க கண்ணு, மலையெல்லாம் கரியாயிரும்!"

சுவரிலும் பீரோவிலும் இருப்பவையெல்லாம் இன்றும் புதுக்கருக்கு அழியாத படங்கள். ரயில் கரி பட்ட அந்த ஒன்றுதான் நான் செய்த சேலை.